பன்றி வால்வும் கோழி மருந்தும்

சித்திரை வெயிலில், கோழி ஷெட்டுக்குள் எனக்குக் குளிரெடுத்தது. அத்தனை கோழியும் வாயைப் பிளந்து இளைக்க, முதலாளி நான் மட்டும் பல் கிட்டி நடுங்கினேன்.

போன வருடம்தான் என் இதயத்தில் பன்றித் திசுவாலான வால்வு (இரத்தத்தை ஒரே பக்கமாக விடும் கதவு) வைத்திருந்தார்கள். காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. கோழிக்குத் தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாடிக் கையருகே இருந்தது. என் எடை எண்பது கிலோ, எண்பது கிலோ கோழிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் குடித்தேன். காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் மூச்சு வாங்கியது. சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில்.

எண்டோகார்டைட்டிஸ் (வால்வில் கிருமி பிடிப்பது) என்றார் டாக்டரம்மா. ஆனால் பிளட் கல்ச்சரில் (இரத்தத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மூன்று முறையும் எதுவும் வளரவில்லை. எந்தக் கிருமியென்று தெரியாவிட்டால் சரியான மருந்து தர முடியாது. வால்வு போனால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். இம்முறை உடம்பு தாங்குமா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

பார்க்க வந்த பெரியப்பா மகன் தலையில் அடித்துக்கொண்டார். "பன்னிய நெஞ்சுல வெச்சா சாமி சும்மா உடுமா?"

"கருப்பனாருக்கு வருசாவருசம் பன்னி வெட்டறமுங்ண்ணா. சாமிக்கு ஆகறது எனக்கு ஆவாதா?"

வாய் வீராப்புதான். அவர் போனதும் டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "பன்னிகிட்டருந்து வந்த கிருமிங்களா?"

"அதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மிங்க. திசுவ மருந்துல பதப்படுத்தித்தான் வெக்கறோம். பல்லு கில்லு புடுங்குனீங்களா?"

பிடுங்கியிருந்தேன். வால்வு இருப்பதைப் பல் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முன்கூட்டியே மருந்து கொடுத்திருப்பாராம்.

"காய்ச்சலுக்கு ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

என் மனைவி பாப்பாத்தி பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். லேபிளில் சேவல் படம்.

"முட்டை ஒண்ணுதானுங்க இன்னும் வெக்கல," என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கிருமிய அரைகுறையா அமுக்கிருச்சு. கல்ச்சர்ல வளராததுக்குக் காரணம் இதுதான்," என்று வேறு சோதனைக்கு எழுதினார். அதில் வாயில் வாழும் கிருமி சிக்கியது, பல் பிடுங்கிய புண் வழியாக இரத்தத்தில் இறங்கியதாம். ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏறியது. வால்வு தப்பியது.

என்னைப் போல வால்வு வைத்தவர்களே, பன்றியைச் சந்தேகிக்க வேண்டாம். காய்ச்சலை மறைக்க வேண்டாம். குடித்ததைச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பாப்பாத்தி சொல்வாள்.

கோழி பேட்ச் கணக்கில் போய்க்கொண்டிருந்த என் காலம் இப்போது பல் துலக்கும் காலைகளாக நகர்கிறது. கிருமி கொல்லும் மருந்துத் தொட்டியில் கால் நனைக்காமல் என் ஷெட்டுக்குள் யாரையும் விட்டதில்லை. இந்த உடம்புக்கும் வாய் என்று ஒரு வாசல் உண்டென்று ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்தது. உள்ளே பன்றி தன் வேலையைப் பார்க்கிறது. வாசலில் நான் நிற்கிறேன், பிரஷ்ஷோடு. எந்தக் கிருமி வருகிறதோ, வரட்டும்.