பூஜ்யத்துக்குத் திரும்பாத முள்

என் அறைச் சுவரில் ஒரு ஸ்பிரிங் தராசு தொங்குகிறது. கொக்கியில் எதுவும் இல்லாதபோதும் அதன் முள் பூஜ்யத்துக்கு வராது. டாக்டரம்மா அதைக் கொண்டு ஒருவன் தாடையை உடைத்த நாளிலிருந்து அப்படித்தான்.

பவுண்டு போய்க் கிலோ வந்த புதிது. மர்பி டவுன் குடியிருப்பில் ஒரே ஆண்டில் பிறந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் அளந்துவந்தோம். எடை, உயரம், தலைச்சுற்றளவு, பல், காய்ச்சல், காயம். அவர்கள் முதுமை அடையும்வரை யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். சிறுவயதில் உடம்பு பட்டது பிற்காலத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். ஆய்வை நடத்திய டாக்டரம்மா அடிக்கடி சொல்வார்: "நாம பாக்கத்தான் வந்திருக்கோம். கை வச்சா கணக்கு கெட்டுடும்." புள்ளியியல் படித்துவிட்டு வந்திருந்த எனக்கு அது நியாயமாகவே பட்டது.

பிள்ளைகளைச் சட்டையில்லாமல், தராசுக் கொக்கியில் மாட்டிய துணித் தூளியில் வைத்துத்தான் நிறுப்போம். கண் பட்டுவிடும் என்று தாய்மார் கன்னத்தில் மைப்பொட்டு வைத்துக் கூட்டிவருவார்கள். நான்கு வயதுப் பெண் ஒருத்திக்கு மட்டும் தோளில், முதுகில், அக்குளுக்குக் கீழே என்று உடம்பெல்லாம் பொட்டு.

"ஏம்மா, ஊர்க்கண்ணு மொத்தமும் உன் பொண்ணு மேலதானா?" என்று டாக்டரம்மா சிரித்தார். தாய் சிரிக்கவில்லை. தூளித் துணியில் மை ஒட்டுமே என்று டாக்டரம்மா ஸ்பிரிட் பஞ்சால் ஒரு பொட்டைத் துடைத்தார். குழந்தை வீறிட்டது. மைக்கு அடியில் பீடி சுட்ட புண். மற்றவற்றைத் தண்ணீரால் ஒற்றி எடுத்தார். சில ஆறியவை, சில சீழ் வைத்தவை, ஒன்று அன்று காலையில் சுட்டது.

வெளியே நின்றிருந்த தகப்பன் உள்ளே வந்தான். "என் புள்ள, நான் சுடுவேன். நீ எடைய பாத்துட்டுப் போடி." மனைவியின் முடியைப் பிடித்து நிலைக்கட்டையில் மோதினான். அவள் நெற்றி பிளந்தது. நிறுக்கத் தூளியில் இட்டிருந்த குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

டாக்டரம்மா தூளியோடு குழந்தையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தராசை இறக்கினார். அதன் சங்கிலியைப் பிடித்து அவன் முகத்தில் வீசினார். அவன் பற்கள் தரையில் சிதறின. எழுந்தான். மறுபடியும் வீசினார். அவன் எழாமல் கிடந்த பிறகுதான் நிறுத்தினார்.

"பொறந்த வீடு எங்க?" என்று தாயைக் கேட்டார்.

"மாரிகுப்பம்மா. அண்ணன் அங்க தங்கச் சுரங்கத்துல இருக்காரு."

"எந்திரி."

குழந்தையின் கைக்குக் கட்டுப்போட்டு இருவரையும் அன்றைக்கே ரயிலேற்றினோம். தாடையைக் கட்டிக்கொண்டு வந்த தகப்பன் கூட்டாளிகளோடு எங்கள் ஜன்னல்களை நொறுக்கினான். ஒரு கல் டாக்டரம்மாவின் புருவத்தைக் கிழித்தது. தாயும் பிள்ளையும் போன இடத்தை அவர் சொல்லவில்லை. "கை வச்சாச்சு. இவ இனி நம்ம ஆய்வுல இல்ல" என்று பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயரைத் தாமே அடித்தார். ஆனால் அவள் பிறந்தநாள்தோறும் அந்தக் கெட்டுப்போன தராசைத் தூக்கிக்கொண்டு மாரிகுப்பம் போய்வந்தார்.

சென்ற ஆண்டு டாக்டரம்மா காலமானார். இந்த முறை தராசோடு நான் போனேன். தூளியில் அடங்காத வயது அவளுக்கு. முழங்கை இன்னும் கோணல்தான். இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே தொங்கினாள்.

"முள்ளு சரியாவே இல்லக்கா."

"ரிப்பேருக்குக் கொடுக்கட்டுமா?"

"வேணாம்க்கா. அது எங்கப்பன் தாடை. அப்படியே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து தராசை மாட்டினேன். முள் கொஞ்சம் நடுங்கிவிட்டு, அதே இடத்தில் நின்றது.