ஒரு முறம் சாமைத் தவிடு

என் தங்கையின் பெயர் தவுட்டாயி. மலையில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் இருந்து நான் கேட்டதில்லை. சேந்தமங்கலத்தில் தங்கி எட்டாவது முடித்துவிட்டு, மலைமேல் நாடு என்று நாங்கள் சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான எங்கள் அரியூர் நாட்டுக்குத் திரும்பியிருந்த எனக்கு அப்போது எதற்கெடுத்தாலும் அர்த்தம் வேண்டும். பெயர்களுக்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். தங்கையின் பெயருக்கு நேராகத் 'தவிடு, மாட்டுத் தீனி' என்று எழுதியபோது கை கூசியது.

அம்மாவைக் கேட்டால், "அடுத்த ஊட்டுப் புள்ள பேரு உனக்கெதுக்கு சாமி?" என்பாள். அவள் எப்போதும் அப்படித்தான். தங்கை எங்கள் வீட்டில்தான் உண்டாள், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். ஆனால் "எம் புள்ள" என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டு அத்தைதான் விஷயத்தை உடைத்தாள். "அவ எம் புள்ளடா! ஒங்கம்மாளுக்கு மூணு பொட்டப்புள்ள பொறந்து பொறந்து போச்சு. இவ பொறந்தன்னைக்கே முறத்துல போட்டு எங்கிட்டக் குடுத்துட்டா. ஒரு முறம் சாமைத் தவுடு குடுத்து வாங்குனேன். சாவு தேடி வந்தா, இந்த ஊட்டுல பொட்டப்புள்ளையே இல்லைன்னு திரும்பிப் போயிருமில்ல?"

"ஏன் அத்தே, சாவுக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியும். காதுங் கேக்கும். அதுக்குத்தான்டா இந்தப் பேரு, படிச்ச தொர!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த வருஷம் எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். தங்கையை நானே கூட்டிப்போனேன். வாத்தியார் பெயர் கேட்டதும், ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த புதுப் பெயரைச் சொன்னேன். வெளிச்சம் என்று பொருள்படும் பெயர். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அத்தோடு விட்டேனா? ஒரு முறம் தவிட்டைக் கொண்டுபோய் அத்தை வாசலில் கொட்டி, "உங்க தவுட்டத் திருப்பிக் குடுத்தாச்சுங்க அத்தே, இனி அவ எங்க ஊட்டுப் புள்ள" என்றேன்.

அத்தை சிரிக்கவில்லை. "அள்ளிக்கிட்டுப் போ கண்ணு" என்றாள். நான் அள்ளவில்லை.

தங்கைக்கோ தலைகால் புரியவில்லை. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "தவுட்டாயியா? அது ஆருங்கண்ணா?" என்று கேலி.

மழை விட்டதும் அவளுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. அடிவாரம் வரை இறங்கிக் கொய்னா மாத்திரை வாங்கிவந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கண் திறக்கவில்லை. காதருகே குனிந்து புதுப் பெயரைச் சொல்லிச் சொல்லி எழுப்பினேன். அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். பிறகு வாசலுக்குப் போய், ஆளில்லாத முற்றத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஏனுங்க, இது எம் புள்ளையில்லீங்க. தவுட்டுக்குக் குடுத்துட்டனுங்க. பேரு தவுட்டாயிங்க."

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு, "எம் புள்ள, எம் புள்ள" என்று அழுதாள்.

காய்ச்சலில்தான் போனாள் என்பது எனக்குத் தெரியும். அந்த மழைக்குப் பின் மலையில் எத்தனையோ வீடுகளில் சாவு. அங்கெல்லாம் யாரும் தவிட்டைத் திருப்பிக் கொட்டவில்லை. இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒரே ஒருமுறை, சாமை புடைத்துக்கொண்டே கேட்டாள்: "பள்ளிக்கூடத்துப் பொஸ்தகத்துல அவ பேரு இன்னும் இருக்குதா சாமி?"

"இருக்குதும்மா" என்றேன்.

எந்தப் பெயர் என்று அவள் கேட்கவில்லை.