இரண்டு தா

தீபாவளி போனஸில் கம்பெனிப் பெண்கள் பட்டுச் சேலை எடுத்தார்கள். என் மதினி பாண்டிச்செல்வி ஒரு ஜோடி தபலா எடுத்தாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு விஸ்வநத்தத்துக்குத் திரும்பி வந்தபோது தை பிறந்திருந்தது. வாசலில் பையை இறக்கி வைத்ததும் அம்மா சொன்ன முதல் சேதி அதுதான்.

“பட்டெடுத்துக்கோன்னு அனுப்புனா, ரெண்டு பானைய எடுத்துட்டு வந்து நிக்கா ஒன் மதினி. தண்ணி ஊத்தி வைக்கலாம்னு பாத்தா, வாயில தோல வச்சுக் கட்டியிருக்கான்.”

உள்ளே மதினி சிரித்தாள். “ஒங்க அம்மாவுக்கு அதுல மீன்கொழம்பு வைக்க முடியலைன்னு வருத்தம், ரோஜா.”

மதினி பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து நிரப்புகிறாள். காலையில் கம்பெனி வேனில் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். மதினி சாப்பாட்டு டப்பாவின் மூடியில் தாளம் போடுவாள். அவள் தட்டினால்தான் பாட்டே எழும்பும் என்பார்கள். ஆனால் வேனை விட்டு இறங்கிய பிறகு கை எதையும் தட்டக் கூடாது. மருந்து இருக்கும் அறையில் ஒரு டப்பாவைக் கீழே வைத்தால்கூடச் சத்தம் வரக் கூடாது. போர்மேன் இசக்கிப்பாண்டி நாள் முழுக்கச் சொல்வது ஒரே வார்த்தை: “தட்டாதீக.”

தபலா வாங்கிய காரணத்தை அவளே ஒருநாள் சொன்னாள். “போன பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் மேடையில தபலாவுக்கு ஆளு இல்லாம மிஷினு வச்சிருந்தாக. ஒரு பட்டன அமுக்குனா அது பாட்டுக்கு அடிக்குது. அந்த மிஷினு இருக்கிற எடத்துல நான் ஒக்காந்தா என்னன்னு தோணிச்சு. அம்புட்டுத்தான்.”

மதுரையில் இருந்த ஒரு வாத்தியார் கைபேசி வழியாக ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தார். வலது கைப் பாடம் முடிந்தது. இடது கைப் பாடம் தொடங்குவதற்குள் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. போகும்போது ஒரு காய்தாவை மட்டும் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்.

காய்தா என்பது தபலாவில் ஒரு சின்ன வாக்கியம். அதில் இருக்கும் சொற்களை முன்னும் பின்னும் மாற்றி, மடக்கி, இரட்டித்து வாசித்துக்கொண்டே போகலாம். ஆனால் வாக்கியத்தில் இல்லாத சொல் ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. எனக்கு இது விளங்க நேரமாயிற்று. மதினி ஒரே பேச்சில் முடித்தாள்: “வீட்டுல என்ன கெடக்கோ அத வச்சே தெனமும் வேற வேற கொழம்பு வைக்கணும். பக்கத்து வீட்டுல கடன் வாங்கக் கூடாது.”

வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, அடுப்படியை ஒட்டிய அறையில் உட்கார்ந்து வாசிப்பாள். வாசிப்பதற்கு முன் வாயால் சொல்லிப் பார்ப்பாள்.

தா தா திட தா தா தின்னா. தா தா திட தா தா தின்னா.

“தா தாங்கிறா, தின்னாங்கிறா. யாருட்டி தின்னா? வெங்காயம் உரிச்சு முடியல, அதுக்குள்ள யாரு தின்னா?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். அண்ணன் முத்துப்பாண்டி லோடு ஏற்றிவிட்டு வந்து படுத்திருப்பான். போர்வைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கிடந்த எனக்கு அந்தச் சாயங்காலங்களில் மட்டும் எங்கேயும் கிளம்பத் தோன்றவில்லை. அதே ஏழெட்டுச் சொற்கள். நேற்றுக் கேட்டது இன்றைக்கு இருக்காது.

மாசியில் மதினி துணிந்துவிட்டாள். கோயில் மேடையில் பாடும் இன்னிசைக் குழு சாத்தூர் சீனிவாசகத்துடையது. கீபோர்டு வாசிப்பவர். எங்கள் ஊருக்கு முன்பணம் வாங்க வந்தவரை மதினி வீட்டுக்கே கூட்டி வந்து உட்கார வைத்து, காய்தாவை வாசித்துக் காட்டினாள். விரல்கள் வலது தபலாவில் பொரிந்தன. இடது பக்கம் இருந்த குடம் போன்ற பாயானில் கை சும்மா தாளத்துக்கு ஒத்திக்கொண்டிருந்தது.

சீனிவாசகம் காப்பியைக் கீழே வைத்தார். “வேகம் இருக்கு, சுத்தம் இருக்கு. ஏன் தாயி, இடது கைக்கு மட்டும் லீவா?”

மதினிக்கு விளங்கவில்லை. வாத்தியார் அனுப்பிய காய்தாவைக் கைபேசியில் காட்டினாள். அவர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துச் சிரித்தார்.

“அட கொடுமையே. இதுல மொதல் வரியில வர்ற தா வேற, ரெண்டாவது வரித் தொடக்கத்துல வர்ற தா வேற. மொதத் தாவுக்கு ரெண்டு கையும் சேந்து விழணும். கும்முன்னு வரணும். ரெண்டாவது தா வெறும் வலது கை. அந்தக் கனமும் காலியும் மாறி மாறி வந்தாத்தான் காய்தா. வடக்க அதுக்கு ரெண்டு எழுத்து இருக்கு. நமக்கு இருக்கிறது ஒரே தா. அவரு டைப் அடிச்சாரு, நீங்க வாசிச்சுட்டீக.”

“மேடையில கும்முன்னு கேக்குறது பெரிய மைக்குனாலன்னுல்ல நெனச்சேன்” என்றாள் மதினி.

“பங்குனிப் பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கெளம வாரேன். இடது கை பேசுச்சுன்னா நீங்க மேடையில. இல்லைன்னா மிஷினுதான். வருத்தப்படாதீக.”

மறுநாளிலிருந்து இடது கையோடுதான் பாடு. இத்தனை வருடம் தட்டாதே, தட்டாதே என்று பழக்கிய கை. பாயானின்மேல் அது தூங்குகிற பிள்ளையின் தலையில் படுவது போலப் பட்டது. சத்தம் வரவில்லை.

“ஓங்கி ஒண்ணு போடு புள்ள” என்றான் அண்ணன்.

“ஒங்க முதுகக் காட்டுங்க, போடுதேன்.”

ஓங்கிப் பார்த்தாள். கை பாதி வழியில் தானாக நின்றது. வலுக்கட்டாயமாக அடித்தால் தகரத்தில் அடித்த மாதிரிக் கட்டையாகக் கேட்டது. பங்குனி பிறந்தபோது அவள் வாயால் சொல்வதைக்கூட விட்டுவிட்டாள். “மிஷினே இருக்கட்டும் ரோஜா. அது கம்பெனில வேல பாக்கலைல்ல” என்றாள்.

சீனிவாசகம் வருவதாகச் சொன்ன ஞாயிறன்று காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கடைசியாக ஒருதரம் பார்ப்போம் என்று உட்கார்ந்த மதினி, பாயானின் அடியில் வைக்கும் துணி வளையத்தைத் தேடினாள். வீடு முழுக்கத் தேடினோம், காணோம். வளையம் இல்லாமல் பாயான் நிற்காது, உருளும். வேறு வழியில்லாமல் மடியில் சாய்த்து, உருளாதபடி மணிக்கட்டைத் தோலின்மேல் ஊன்றி அழுத்திக்கொண்டு, விரலால் சும்மா தொட்டாள்.

கூம் என்றது.

மதினி என்னைப் பார்த்தாள். மறுபடி தொட்டு, மணிக்கட்டை மெல்ல முன்னால் நகர்த்தினாள். சத்தம் வளைந்து மேலே ஏறியது. ஓங்கவே தேவையிருக்கவில்லை. அழுத்திக்கொண்டு தொட்டால் போதும். மெல்லத் தொடுவதற்கு அவள் கையைவிடப் பழகிய கை எது?

வாசலில் அம்மா நிறைகுடத்தோடு வந்து நின்றாள். குடத்துக்கும் தலைக்கும் நடுவே சொட்டச் சொட்ட நனைந்து இருந்தது பாயானின் வளையம்.

“நல்ல சும்மாடு. யாரு செஞ்சதுட்டி? தல வலிக்கவே இல்ல.”

மதினி ஓடிப்போய் அம்மாவைக் குடத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். “அத்தை, நீங்க நல்லா இருக்கணும் அத்தை!”

“ஏட்டி, தண்ணி! தண்ணி! கிறுக்கு புடிச்சிருச்சா இவளுக்கு?”

சாயங்காலம் சீனிவாசகம் வந்து கண்ணை மூடிக் கேட்டார். நான்காவது மாற்றத்தில் ஒருமுறை கனம் வர வேண்டிய இடத்தில் காலி வந்தது. மதினி நிறுத்தவில்லை, அடுத்த சுற்றில் சரிசெய்துகொண்டாள். அவர் கண்ணைத் திறந்து, “மிஷினு இப்பிடித் தப்பிச்சு வராது” என்று எழுந்தார்.

பொங்கலன்று வேன் பெண்கள் எல்லாரும் மேடைக்கு முன்னால் இடம் பிடித்திருந்தார்கள். அம்மா நடுவில். மதினி முதல் இரண்டு பாட்டுக்குத் தலை நிமிரவேயில்லை. மூன்றாவது பாட்டில் சீனிவாசகம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் தனியாகக் காய்தாவை எடுத்தாள். இரண்டு கையும் சேர்ந்து கனமாக ஒரு வரி, வலது கை மட்டும் லேசாக மறுவரி. பிறகு அதையே புரட்டிப் புரட்டி. முன்வரிசைப் பெண்கள் தங்களை அறியாமல் கைதட்டித் தாளம் போட்டார்கள். ஒருத்தியும் ஒரு தாளம் தப்பவில்லை.

முடிந்ததும் சீனிவாசகம் குனிந்து கேட்டார். “அடுத்த வாரம் அச்சங்குளத்துல கச்சேரி. வாரீகளா தாயி?”

மதினி கீழே அம்மாவைப் பார்த்தாள்.

“என்னைய எதுக்குப் பாக்க? வாரேன்னு சொல்லுட்டி!” என்று அம்மா போட்ட சத்தம் மேடை மைக்கில் ஏறி ஊர் முழுக்கக் கேட்டது. கூட்டம் சிரித்தது. மதினி உட்கார்ந்தபடியே அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.