கடைசி ஆறு ராத்தல்

1912-ஆம் வருஷம் ஐப்பசி மழையில், பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரி மருத்துவச்சி இன்பமணி ஒரு வயல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி போகாத ஊர். நடை முக்கால் மைல்தான். பாதி வழியிலேயே இரண்டு முழங்கால்களும் வீங்கிக்கொண்டன. ஆட்கள் அவளைத் தாங்கலாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனாலும் இருபது வருஷத்தில் இன்பமணி பிந்திப் போன முதல் பிரசவம் அது.

மறுநாள் வெள்ளைக்கார டாக்டரம்மா அவளை வார்டில் உட்கார வைத்தாள்.

"உன் முழங்கால்கள் நல்லவை. சுமைதான் அதிகம். இனி உனக்கு வார்டு வேலைதான். நூற்றைம்பது ராத்தலுக்கு இறங்கி வா, கிராமங்களைத் திருப்பித் தருகிறேன்."

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை நிறுக்கும் தராசு மட்டுமே இருந்தது. அதனால் இன்பமணி வண்டி வைத்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையிலிருந்த ரயில் நிலையத்துக்குப் போனாள். உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவே பார்சல் தராசில் ஏறி நின்றாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

"சிரிங்கலே, நல்லா சிரிங்க. உங்க பிள்ளைகள்ல பாதிப் பேரை இந்தக் கையிலதான் வாங்கியிருக்கேன்" என்றாள் அவள். சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்றிலிருந்து மதியச் சோற்றைக் குறைத்தாள். பலகாரத்தைத் தொடவில்லை. முதலில் ஆஸ்பத்திரி வளவுக்குள் நடந்தாள். தை பிறந்ததும் சனிக்கிழமைதோறும் ரயில் நிலையத்துக்கே நடந்து போய் வந்தாள். பங்குனி தொடங்கும்போது நூற்றைம்பத்தாறு.

அங்கே எடை நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல, ஏழு சனிக்கிழமைகள்.

"தராசு பழுதோ, அண்ணாச்சி?" என்று பார்சல் குமாஸ்தா கைலாசத்திடம் கேட்டாள்.

"இப்பந்தான் ஒரு மூட்டையை நிறுத்தேன் அம்மா, சரியா இருந்துது. நூத்தம்பத்தாறேதான்."

கோபத்தில் இன்பமணி இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். நான்காம் நாள், பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கையில் கண் இருட்டியது. பக்கத்தில் நின்ற தாதி எலிசபெத் குழந்தையைச் சட்டென்று வாங்கிக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டினி தனக்கு வழியல்ல என்று தீர்மானித்த இன்பமணி அன்றிரவே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அந்த வாரம் கோமு என்ற கர்ப்பிணி வார்டுக்கு வந்தாள். ஒன்றுமே சாப்பிடவில்லை, வயிறு மட்டும் எரிகிறது என்றாள். எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்பதையே இன்பமணி அவளிடமும் கேட்டாள்.

"காலையிலருந்து வாய்க்குள்ள போனதெல்லாம் பைய யோசிச்சுச் சொல்லு. தண்ணியைக்கூட விடாத."

கோமு யோசித்தாள். மாங்காய் வந்தது, புளி வந்தது, மிளகாய்ப்பொடி வந்தது. கேட்டுக்கொண்டிருந்த இன்பமணிக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது. இந்தக் கேள்வியை அவள் தன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்டாள். பதில் உடனே வந்தது: பதநீர். வெயில் ஏறியதிலிருந்து காலையில் ஒரு பனையோலைப் பட்டை நிறைய, சாயங்காலம் ஒரு பட்டை. சனிக்கிழமை என்றால் ஆற்றுப் பாலத்தடியில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. நீர்தானே என்று நினைத்திருந்தாள். காய்ச்சினால் கருப்பட்டியாகிற நீர் அது!

இன்னொன்றும் தோன்றியது. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள்: "பெரிய மாட்டுக்கும் சின்ன மாட்டுக்கும் ஒரே அளவா வைக்கோல் போடுதோம்? நான் இப்பம் சின்ன மாடு. இன்னும் பழைய அளவுக்கே திங்கேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "இதை நான்தான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றாள்.

பதநீரின் இடத்துக்கு மோர் வந்தது. மூன்று வேளையும் சாப்பிட்டாள். ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி சோறு குறைந்து கீரை கூடியது. பாலத்து நடை பழகிப்போயிருந்ததால், வெயிலில் வற்றிக் கிடந்த தாமிரபரணியின் மணலில் இறங்கி நடந்தாள். மணல் காலை உள்ளே இழுத்தது. ஆனால் முழங்காலை இடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நூற்றைம்பத்தைந்து. அதற்கடுத்ததும் அதேதான். இந்த முறை அவள் தராசைக் குறை சொல்லவில்லை. பிறகு நூற்றைம்பத்து மூன்று.

ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை கைலாசம் குண்டை நகர்த்தினார், திரும்ப நகர்த்தினார். பிறகு எழுந்தே நின்றுவிட்டார்.

"நூத்தம்பதுக்கு அரை ராத்தல் கீழ இருக்கிய அம்மா!"

சுமை தூக்குகிறவர்கள் கைதட்டினார்கள். இன்பமணி இறங்கவில்லை. "இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க, அண்ணாச்சி" என்றாள். சந்தேகத்தினால் அல்ல. இன்னொரு முறை கேட்க ஆசையாக இருந்தது.

திங்கட்கிழமை விடியலில் அழைப்பு வந்தது. செம்மண் மேட்டின் மேலிருந்த குடிசை ஒன்றில் முதல் பிரசவம். மேட்டடியில் வண்டி நின்றது.

"மருந்துப் பெட்டியையாவது நான் தூக்கிட்டு வரட்டா?" என்றான் வண்டிக்காரன் சங்கிலிபூதத்தான்.

"நீ மாட்டைப் பாரு" என்று பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினாள் இன்பமணி. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. குடிசை வாசலில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். உள்ளே வலி இன்னும் முற்றவில்லை.

"நேரம் இருக்கு, பயப்படாதீங்க. வெந்நீர் போடுங்க" என்றபடி கைகளைக் கழுவ உட்கார்ந்தாள், நாற்பத்து நாலு வயது மருத்துவச்சி.