அவர் நாயைக் கட்டித்தான் இருந்தார்

திங்கட்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். கடையில் ஒரு வேனுக்கு சீட் கவர் வெட்டிக்கொண்டிருந்தேன். கார் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது.

"பாய், நம்ம சவரிமுத்து அண்ணாச்சி வண்டி மணியாச்சிப் பக்கம் பாலத்துல மோதிட்டு. அண்ணாச்சி போயிட்டாவ."

யாருக்கும் முதலில் கேட்கத் தோன்றாததை நான் கேட்டேன். "வண்டியில நாய் இருந்துச்சா? கட்டியிருந்தாவளா?"

"கட்டியிருந்தா இப்படி ஆவுமா பாய்? மயிலப் பாத்துட்டு அது பாஞ்சு ஸ்டியரிங் மேல விழுந்துட்டாம், அங்க ஆடு மேய்க்கிறவரு பாத்திருக்காரு."

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. அது நான் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பைப் பிறகு சொல்கிறேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு, ஸ்டாண்டுக்காரர்கள் நீங்கள் போடும் நினைவு மலரில் என்னையும் எழுதச் சொன்னீர்கள். "நீங்கதான பாய் அவியளோட ரொம்பப் பழகுனவிய" என்றீர்கள். வாஸ்தவம். கோவில்பட்டியில் நாயை ஏற்றுகிற ஒரே வாடகைக் கார் அவருடையது. அந்த நாய்களைக் கட்டுகிற வார் என் கடையில் தைத்தது. ஒன்பது வருடப் பழக்கம்.

அவர் என்னிடம் முதன்முதலில் வந்ததே ஒரு சாவைச் சொல்லிக்கொண்டுதான். குளத்தூரிலிருந்து ஒரு சிப்பிப்பாறை வேட்டை நாயை ஏற்றி வந்திருக்கிறார். நாய்க்காரர் கழுத்துப் பட்டையில் கயிற்றைப் போட்டு, மறு நுனியைக் கதவுக் கைப்பிடியில் கட்டியிருந்தார். நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தானே கட்டுவார்கள். ஜன்னல் திறந்திருந்தது. கரிசல் காட்டில் கண்ணை மறைக்க என்ன இருக்கிறது? எங்கோ ஒரு முயல் ஓட, ஓடுகிற காரிலிருந்து நாய் வெளியே பாய்ந்து கழுத்தில் தொங்கிவிட்டது. அவர் நிறுத்தி இறங்குவதற்குள் முடிந்துபோயிற்று. "கழுத்துல கட்டுனது தப்பு பாய். நெஞ்சுல கட்டணும். சீட் பெல்ட் வார்லயே ஒண்ணு தைச்சுத் தாங்க" என்றார்.

நாலைந்து தடவை தைத்துத் தைத்துப் பிரித்தோம். நாயின் நெஞ்சையும் முதுகையும் சுற்றி ஒரு பட்டை. அதில் ஒரு கொக்கி. கொக்கியிலிருந்து குட்டையாக ஒரு வார் போய்ப் பின்சீட் பெல்ட்டின் பூட்டில் மாட்டும். நாய் உட்காரலாம், படுக்கலாம், முன்சீட்டுக்கு மட்டும் வர முடியாது. ஒவ்வொரு புது வாரையும் அவர் சோதிக்கிற கூத்து உங்களுக்குத் தெரியாததா? கொக்கியைத் தன் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, பின்சீட்டில் நாலு காலில் நின்று, அந்தப் பெருத்த உடம்பை வைத்துக்கொண்டு முன்னால் பாய்வார். "அண்ணாச்சி, அப்படியே குலைச்சுக் காட்டுங்க" என்று நீங்கள் கத்துவீர்கள். அவரும் சளைக்காமல் ரெண்டு குரல் குலைத்துவிட்டுத்தான் இறங்குவார்.

சவாரிக்கு வருகிறவர்களோடு எத்தனை சண்டை! ஒரு முறை என் கடை வாசலிலேயே ஒருவர், நாயை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். "பிரேக் போட்டா மடி தாங்காது சார். கட்டுனா ஏத்துதேன், இல்லன்னா வேற வண்டி பாத்துக்கிடுங்க." அவர் வேறு வண்டி பார்க்கப் போனார். வேட்டை நாய் வைத்திருப்பவர்கள், கட்டிக் கொண்டுபோனால் நாய் கூச்சப்படும் என்பார்கள். "கூச்சம் ரெண்டு நாளுல போயிரும். உசிரு போனா வருமா?" என்பார். ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு மேல் இறக்கவே மாட்டார்.

இப்போது அந்த முதல் தப்பு.

எப்போதும்வென்றானில் ஒரு நாய்க்குக் கால் ஒடிந்துவிட்டது. நாய்க்காரர் கூட வர முடியாததால், திங்கட்கிழமை அண்ணாச்சி தனியாகவே அதைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய வாரை வேறொரு நாய் கடித்துக் குதறியிருந்ததால், வெள்ளிக்கிழமை புது வாருக்காக வந்தார். என்னிடம் இரும்புக் கொக்கி தீர்ந்துபோயிருந்தது. ஸ்கூல் பைக்குப் போடுகிற, இரண்டு பல்லை அழுத்தி மாட்டுகிற பிளாஸ்டிக் கொக்கியை வைத்துத் தைத்தேன்.

"இது தாங்குமா பாய்?"

"தாங்கும் அண்ணாச்சி. நாளைக்கு இரும்பு வந்துரும், மாத்தித் தாரேன்."

சோதித்துப் பார்க்கப் பின்சீட்டில் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டார். அப்போது பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. காலை எடுத்துக்கொண்டார். "ஜும்ஆ விட்டுறப் போவுது, நீங்க கடையப் பூட்டிட்டுக் கிளம்புங்க. நீங்க சொன்னா போதாதா?" ஒன்பது வருடத்தில் அவர் சோதிக்காமல் வாங்கிப்போன வார் அது ஒன்றுதான். என் தொழுகைக்காக விட்டுக்கொடுத்தார். நானும் போய் வரிசையில் நின்று தொழுதேன்.

சனிக்கிழமையே இரும்புக் கொக்கிகள் பார்சலில் வந்துவிட்டன. வேன் வேலை அவசரமாக இருந்தது. பார்சலை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, அவரே வருவார் என்று இருந்துவிட்டேன். ஒரு போன் போதும். ஒரே ஒரு போன். நான் போடவில்லை.

அடக்கத்தன்று அவர் மனைவி ஞானசெல்வி அக்கா அழவில்லை, பெட்டியைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தார். "ஊரு நாயையெல்லாம் கட்டுங்கன்னு சொல்லுவாவளே பாய். கடைசில தான் மட்டும் கட்டாமப் போயி எங்கள இப்படி விட்டுட்டாவளே!" நீங்களும் அதையேதான் பேசினீர்கள். ஆடு மேய்க்கிறவர் காட்டில் பிடித்த நாயின் நெஞ்சில் பட்டை கிடந்ததாம். கால் ஒடிந்த நாயாயிற்றே என்று இரக்கப்பட்டு வாரை மாட்டாமல் விட்டிருப்பார் என்றீர்கள்.

மறுநாள் ஒர்க்ஷாப்பில் கிடந்த அந்த வண்டியைப் போய்ப் பார்த்தேன். பின்சீட்டில் வார் அப்படியே பூட்டில் மாட்டியிருந்தது. அதன் நுனியில் பாதிக் கொக்கி. அதன் இரண்டு பல்லும் முறிந்திருந்தன. அவர் கட்டித்தான் இருந்தார். முறிந்தது என் கொக்கி. அதை வெட்டியெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாள் உங்கள் நடுவில் நடமாடினேன். என்னை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அண்ணாச்சி சொல்லி என்னிடம் வார் வாங்கிய நாய்க்காரர்கள் தயவுசெய்து கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன். பின்சீட்டில் நாலு காலில் நின்று பாய்வது இப்போது நான்தான். யாரும் என்னைக் குலைக்கச் சொல்வதில்லை.

இதை எழுதுவதற்கு முன்னால் நேற்று அக்காவைப் பார்க்கப் போனேன். பாதிக் கொக்கியை அவர் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமையிலிருந்து நடந்த அத்தனையும் சொன்னேன். மண்ணை வாரித் தூற்றுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ கட்டித்தான் இருந்தாவளா?"

"ஆமாக்கா."

"ஒரு மாசமா அவியள ஏசிக்கிட்டே இருந்துட்டேனே" என்று போட்டோவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். வெகுநேரம் கழித்து, புறப்பட எழுந்த என் கையைப் பிடித்து அதில் கொக்கியை வைத்தார்.

"இது உங்க சாமான். நீங்களே வச்சிக்கிடுங்க பாய்."

வைத்திருக்கிறேன்.