கடலுக்குள் ஒரு கிணற்று நீச்சல்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதம். அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்த என் மனைவியின் தம்பிக்கு அந்தமான் துறைமுகத்தில் வேலை. அவன் கூப்பிட்டதால் மனைவி, கைக்குழந்தையோடு கப்பலேறிப் போயிருந்தேன்.

ஒருநாள் சின்னத் தீவு ஒன்றுக்கு எங்களை அழைத்துப் போனான். அங்கே ஒரு தூத்துக்குடிக்காரர், முதுகில் காற்றுத் தொட்டி கட்டி, அதன் குழாயை வாயில் கவ்வ வைத்து ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப் போவார்.

"செத்த நேரம் போய்ட்டு வாங்க அத்தான். மீனெல்லாம் பக்கத்துல வந்து நிக்கும்" என்றான் மைத்துனன்.

"சேத்தூர்க் கிணத்தையே கலக்குனவிய. கடல் தாங்குமா?" என்றாள் மனைவி.

பிள்ளைகளே, எங்கள் சேத்தூர்ப் பக்கம் நீச்சல் என்றால் கிணறுதான். மேலிருந்து குதித்து, வாயை இறுக மூடி, அடியில் ஒரு பிடி மண் அள்ளி, தரையை உதைத்து ஒரே வீச்சில் மேலே வர வேண்டும். மண்ணைக் காட்டாதவனை யாரும் நீச்சல்காரனாக ஒத்துக்கொள்வதில்லை.

தூத்துக்குடிக்காரர் கரையில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். "உள்ள எது நடந்தாலும் மூச்சை அடக்கிராதீங்க அண்ணாச்சி. இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும். மேல வரும்போது மெதுவா வரணும். வெளங்குச்சா?"

"நாப்பது அடிக் கிணத்துல மண்ணெடுத்தவன் தம்பி நான்" என்றேன். அவர் மறுபடி கேட்டார். தலையாட்டினேன். உண்மையில் பாதிகூடக் காதில் ஏறவில்லை.

முப்பதடி ஆழத்தில் என் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறியது. பயத்தில் பழைய பழக்கம்தான் வந்தது. வாயை மூடி, மூச்சை அடக்கி, மணலை உதைத்து எழும்பினேன். அவர் பாய்ந்து என் இடுப்பு வாரைப் பிடித்துவிட்டார். என்னை முக்கிக் கொல்லப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். முழங்கையால் அவர் முகத்தில் இடித்தேன். அவர் வாயிலிருந்த காற்றுக் குழாய் கழன்று போனது. அப்போதும் அவர் பிடியை விடவில்லை. குழாய் இல்லாத அந்த வாயிலிருந்து சிறுசிறு குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. குழாய் போயும் அவர் மூச்சை அடக்கவில்லை என்பதைக் கண்ணாடியின் மேல்பாதி வழியாகப் பார்த்த பிறகுதான் நானும் மூச்சை விட்டேன். அவர் தன் குழாயைத் தேடிப் பொருத்திக்கொண்டு, என்னை மெல்ல மெல்ல மேலே கொண்டு வந்தார்.

கரையில் அவர் உதட்டில் ரத்தம். அப்போதுதான் விவரம் சொன்னார். கிணற்றில் நாம் மேலேயே இழுத்துக்கொண்டு போகும் காற்று அடியில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பும். ஆழத்தில் தொட்டியிலிருந்து இழுத்த காற்று மேலே வரவர விரியும். வாயை மூடினால் போக வழியில்லாமல் நுரையீரலைக் கிழித்துவிடும்.

"மன்னிச்சிருங்க தம்பி, அடிச்சுட்டேன்" என்றேன்.

"அடிச்சது கெடக்கட்டும் அண்ணாச்சி. கரையில தலையாட்டினீங்க பாருங்க, அதை நம்பித்தான் உள்ள கூட்டிட்டுப் போனேன்."

குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் வளர்ந்து கடலுக்குள் போனால், சளி பிடித்திருந்தாலும் மறைக்காமல் முதலில் சொல்லிவிடுங்கள்; சளியோடு ஆழத்துக்குப் போனால் காது கெட்டுவிடும். புரியவில்லை என்றால் எத்தனை தரமானாலும் கேளுங்கள். "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்க எனக்கு இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த மனிதரின் உதட்டு ரத்தத்தை நினைத்துக்கொண்டு, கேட்டுவிடுகிறேன்.