உதயகலாவின் மஞ்சள் குளிசை

ஐஸ்கிறீம் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தள்ளிவிட்டு உதயகலா கழுத்து வரைக்கும் உள்ளே குனிகிறாள். வெளியே கம்பஸ் மாணவர்கள் இருவர் காத்து நிற்கிறார்கள். அவள் அடியில் எதையோ தேடுகிறாள் என்று அவர்களுக்கு நினைப்பு. நெடுநேரம் கழித்து நிமிர்ந்து, இடுப்பில் செருகியிருக்கும் லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வனிலா முடிஞ்சுது தம்பி" என்கிறாள். வனிலா முடியவில்லை. அவள் கைக்குக் கீழேயே இருக்கிறது.

திருநெல்வேலியில் அவள் வேலை செய்யும் கூல்பாருக்குப் பக்கத்துக் கடையில் நான் போட்டோக்கொப்பி அடிக்கிறேன். இருவருக்கும் ஊர் புத்தூர், ஒரே ஒழுங்கை. காலையில் இரண்டு பஸ் மாறி வருகிறோம். யன்னலோரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். மார்கழிப் பனியிலும் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பழைய கலியாண அழைப்பிதழால் விசிறிக்கொள்வாள். "இது ஆற்றை கலியாணம் எண்டே மறந்துபோச்சு, நேசம். ஆனால் நல்ல காத்து வருது" என்பாள். பின்னால் இருப்பவர்கள் குளிரில் நடுங்கி முணுமுணுப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை என்னுடையது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. போன ஆடிக்குப் பிறகு மாதவிலக்கு வரவில்லை, அன்றிலிருந்து நித்திரையும் வரவில்லை. "கண்ணை மூடினா ஆரோ நெஞ்சுக்குள்ளை அடுப்பு மூட்டுறாங்கள்" என்பாள். விடியும்போது தலையணை நனைந்திருக்கும். அவள் கணவர் தியாகராசா, வெங்காயத் தோட்டத்தில் பகல் முழுக்கக் குனிந்து நிமிர்கிற மனிதர், பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார். கோபத்தில் இல்லை, பயத்தில். கூல்பாரில் ஒரு பிள்ளை இன்னொரு கரண்டி கேட்டதற்காக இவள் கடை அதிரக் கத்தினாள், பிறகு பின்பக்கம் போய்ப் பால்பெட்டியின் மேல் இருந்து அழுதாள். இன்னொரு தரம் இப்படி நடந்தால் வீட்டிலேயே இருக்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான்தான் அவளை டொக்டர் மிரியத்திடம் கூட்டிப் போனேன். எங்கள் சேர்ச்சுக்கு வருகிறவர், அவசரப்படாமல் கேள்வி கேட்கிறவர். தாய்க்கு மார்புப் புற்றுநோய் இருந்ததா, காலில் இரத்தம் கட்டியதுண்டா, பிறஷர் எப்படி, தலையிடி வருமா, எந்த நேரத்தில் வேர்க்கிறது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, உதயகலா பள்ளிப் பிள்ளை போல நேராக இருந்து பதில் சொன்னாள். "பக்கத்து வீட்டாளின்ரை குளிசை உங்களுக்குச் சரிவராது, அம்மா. இது ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கிற சட்டை" என்றார் டொக்டர். வெள்ளைக் குளிசை தினமும். மஞ்சள் குளிசை மாதத்தின் பின்பாதியில் மட்டும். "வெள்ளை உங்கடை வேர்வைக்கு. மஞ்சள் கர்ப்பப்பைக்குக் காவல். மாசக் கடைசியிலை கொஞ்சம் ரத்தம் படும், பயப்பிடாதேங்கோ." உதயகலா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள். அவள் காதில் விழுந்தது வேர்வை நிற்கும் என்பது மட்டும்.

மாசியில் அவள் பஸ்ஸில் நித்திரை கொள்ளத் தொடங்கினாள். என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி. யன்னல் பூட்டியிருந்தது. தியாகராசா பாயைத் திரும்ப உள்ளே கொண்டுவந்ததாகவும் கேள்வி.

அதற்குப் பின்னால்தான் இரத்தம் வந்தது. "திரும்பக் குமரியாகிட்டன்" என்று என் காதுக்குள் சொன்னாள். சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பது எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்குத்தான் விளங்கும்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு வைரவர் கோயில் இருக்கிறது. வைகாசியில் மடை, வருசத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய படையல். அன்று வைரவருக்குச் சாத்துகிற வடைமாலைக்கு வடை சுடுவது தியாகராசா குடும்பத்துப் பெண்கள். மாதவிலக்குத் துடக்கோடு யாரும் அந்த வளவுக்குள் கால் வைப்பதில்லை. உதயகலா கலியாணம் முடித்து வந்த நாள் முதல் மடை வரும்போதெல்லாம் அவளுடைய நாளும் சொல்லிவைத்தாற்போல் வந்து நிற்கும். மாமியாருக்குப் பிறகு தியாகராசாவின் தமக்கை செல்வநாயகிதான் வடை சுட்டார். இவள் வீட்டில் இருந்து எண்ணெய் வாசத்தை மட்டும் பிடிப்பாள். ஆகவே மாதவிலக்கு நின்றபோது எங்கள் ஒழுங்கையில் அதற்காகச் சந்தோசப்பட்ட ஒரே பெண் இவள்தான். "இனி நாள் பாக்கத் தேவையில்லை. வாற மடைக்கு மாலை என்ரை கையாலைதான்" என்று வீடுவீடாகச் சொல்லி வைத்தாள். செல்வநாயகியும் முழங்கால் நோவோடு, "அப்பாடா, நீயே சுடு" என்று கரண்டியை விட்டுக்கொடுத்தார்.

டொக்டருக்கும் சொல்லாமல், எனக்கும் சொல்லாமல், பங்குனியிலிருந்து மஞ்சள் குளிசையை விட்டுவிட்டாள். அவள் கணக்கு எளிமையானது. நித்திரை தருவது வெள்ளை, இரத்தம் தருவது மஞ்சள். அப்படியானால் மஞ்சள் எதற்கு?

மடைக்குச் சில நாட்கள் இருக்கையில் கூல்பாரில் நின்றபடியே அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. நான் ஓடிப்போனபோது ஐஸ்கிறீம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடி பூட்டித்தான் இருந்தது. முகத்தில் நிறமே இல்லை.

டொக்டர் ஸ்கான் பண்ணிப் பார்த்தார். காவல் இல்லாமல் கர்ப்பப்பைக்குள் சவ்வு தடித்துப்போயிருந்தது. சோதனைக்குக் கொஞ்சம் எடுத்து அனுப்பினார். "மஞ்சளை ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டார். உதயகலா லேஞ்சியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "மடை வருது, டொக்டர்" என்றாள் கடைசியில். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்கும் களைப்புத்தான். "எத்தினை கேள்வி கேட்டன். உதை நான் கேக்கேல்லை, நீங்களும் சொல்லேல்லை. சொல்லியிருந்தா அதுக்கும் சேத்து அளவெடுத்திருப்பன்" என்றார். மஞ்சளை அன்றைக்கே தொடங்க வேண்டும். மடைக்குள் இரத்தம் நிற்கும் என்று சொல்ல முடியாது. சோதனை நல்லபடி வந்தால் இரண்டையும் தினமும் எடுக்கிற மாதிரி மாற்றித் தரலாம், சில மாதங்களில் இரத்தம் படுவதும் நின்றுவிடும். "வாற வருச மடைக்கு உங்களுக்குக் கரைச்சல் இராது."

"வாற வருசம்" என்று உதயகலா திருப்பிச் சொன்னாள்.

பஸ்ஸில் அவள் யன்னலோரம் கேட்கவில்லை. கோப்பாய் தாண்டியதும், "நேசம், எனக்கு நிண்டிட்டுது எண்டுதானே எல்லாரும் நினைச்சிருக்கினம். நான் போய் வடை சுட்டா ஆருக்குத் தெரியும்?" என்றாள்.

"போய்ச் சுடன்" என்றேன். என்னைக் கேட்டால், வைரவருக்கு இதில் ஒரு பிணக்கும் இருந்திராது. ஆனால் நான் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, இந்த விசயத்தில் என்னை யார் கேட்கப் போகிறார்கள்?

லேஞ்சியில் முடிந்திருந்த குளிசையைத் தடவிக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான், "டொக்டருக்கு ஒளிச்சே இவ்வளவு பாடு. வைரவருக்கு வேறை ஒளிக்கச் சத்தில்லை" என்றாள்.

மடையன்று காலை கோயில் வளவில் உழுந்து அரைத்து வைத்திருந்தார்கள். பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். "எங்கை கலா? எண்ணெய் கொதிக்குது!" என்று செல்வநாயகி கூப்பிட்டார். உதயகலா வீட்டுச் சட்டையோடு வந்து, தோரணம் கட்டியிருந்த இடத்துக்கு வெளியே நின்றுகொண்டாள்.

"மச்சாள், வடையை நீங்கள் சுடுங்கோ. நான் துடக்கு."

துருவிய கைகள் நின்றன. "என்னடி கதைக்கிறாய்? உனக்கு நிண்டு எவ்வளவு காலம்!"

"நிண்டதுதான். குளிசை எடுக்க வந்திட்டுது."

யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். உதயகலாவின் முகம் காது வரைக்கும் சிவந்தது. எனக்கு அழுகை வந்தது.

"உப்பிடியும் ஒரு குளிசையோ? விட்டுத் துலைக்கிறதுக்கென்ன?" என்றார் செல்வநாயகி.

"விட்டுப் பாத்துத்தான் மச்சாள் இந்தக் கோலம். இனி விடமாட்டன். எனக்கு நித்திரை வேணும்."

செல்வநாயகி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் குந்தினார். உதயகலா வீதியின் மறுகரையில், பூவரசுக்குக் கீழே போய் நின்றாள். நான் கொண்டுவந்த கதிரையில் இருக்கவில்லை. அங்கிருந்தபடியே, "ஓட்டை பெரிசா வேண்டாம் மச்சாள், கோர்க்கேக்கை பிஞ்சிடும்!" என்று ஒரு தரம் சத்தம் போட்டாள்.

மாலை சாத்தி மணி அடித்தபோது, அவள் லேஞ்சி முடிச்சை அவிழ்த்து மஞ்சள் குளிசை ஒன்றை எடுத்துத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள்.